முதல் இரண்டு நொடி

டவுன் பஸ்ஸில் போய்வந்த பெண்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த தற்காப்புக் கருவி ஊக்கு. கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுகிறவனுக்கு ஒரே குத்து. அவனால் வெளியே சொல்லவும் முடியாது, அங்கேயே நிற்கவும் முடியாது. பார்க்கிறவர்களுக்கு அது ஆயுதம் என்றே தெரியாது. அது வேலை செய்ததற்குக் காரணம் அதன் கூர்மை மட்டுமல்ல. முந்தானையிலோ தாவணியிலோ, கை தானாகப் போகிற இடத்தில் அது எப்போதும் இருந்தது. இன்று அதே தேவைக்காக ஆன்லைன் கடைகளில் தேடினால் லிப்ஸ்டிக் வடிவத்தில் ஷாக் கருவி, பேனா போலிருக்கும் ஸ்ப்ரே, டார்ச் லைட்டுக்குள் ஸ்டன் கன், சாவிக்கொத்தில் தொங்கும் அலாரம் என்று பக்கம் பக்கமாக வருகின்றன. எதிராளிக்கு எவ்வளவு வலிக்கும், கருவி எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்திருக்கிறது என்ற இரண்டைத்தான் விளம்பரங்கள் பெரும்பாலும் பேசுகின்றன. வாங்குகிறவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். ஆபத்து என்று மனதுக்குப் பட்ட கணத்திலிருந்து இது என் கையில் இயங்கும் நிலைக்கு வர எத்தனை நொடி ஆகும்? இயங்கிய பிறகு நான் அங்கிருந்து விலகிப் போக எத்தனை நொடி கிடைக்கும்? இந்தக் கணக்கில் தேறாத கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பையில் ஒரு பாரம்தான்.

நொடிக்கணக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று தோன்றலாம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடி தூரத்தை, அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரை, ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்பதை அவர் ஓடவிட்டு அளந்து காட்டியிருந்தார். இடுப்பில் துப்பாக்கி மாட்டியிருக்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரர் அதை உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும் என்பது அவருடைய வாதம். நம் தெருக்களில் 21 அடி என்பது பெரிய இடைவெளி. பின்னால் வருகிற ஆள் பெரும்பாலும் அதைவிட நெருங்கிய பிறகுதான் கண்ணில் படுவார். இப்போது தோளில் தொங்கும் கைப்பையை நினைத்துப் பாருங்கள். ஜிப்பை இழுக்க வேண்டும், டிபன் பாக்ஸையும் குடையையும் சார்ஜரையும் தள்ள வேண்டும், உள் அறையில் கிடக்கும் நான்கைந்து உருளைப் பொருள்களில் எது உதட்டுச்சாயம், எது ஷாக் கருவி என்று விரலால் கண்டுபிடிக்க வேண்டும், மூடியைக் கழற்றி, பூட்டை நகர்த்தி, பட்டனை அழுத்த வேண்டும். பதறும்போது நுட்பமான விரல் வேலைகள்தான் முதலில் கைவிட்டுப் போகும். மாறுவேடம் போட்ட கருவி எதிராளியை ஏமாற்றுவதற்கு முன்பாக உடையவரையே ஏமாற்றிவிடுகிறது.

வெளியே தெரியாத கருவி வேண்டும் என்ற ஆசையை நான் குறைசொல்லவில்லை. நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கல்லூரியிலோ அலுவலகத்திலோ மேசைமேல் ஸ்ப்ரே டப்பாவை வைத்தால் அன்று முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் கண்ணில் பட்டால் அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போகிறாய் என்ற கேள்வி வரும். சில வீடுகளில் வேலைக்குப் போவதே நின்றுபோகும். ஆனால் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் நம் கைக்கே எட்டாமல் இருப்பதும் வேறு வேறு. சுடிதார் பாக்கெட், சாவியோடு சேர்ந்து உள்ளங்கையில் அடங்கும் சிறு டப்பா, பையின் தோள்வாரின் உட்புறம் மாட்டிய கிளிப், ஸ்கூட்டர் சாவிக்கொத்து: இவை எல்லாம் யார் கவனத்தையும் இழுக்காதவை, ஆனால் பார்க்காமலே விரலால் தொடக்கூடியவை. வாங்கும்போது வடிவத்தைவிட அது எங்கே தங்கும் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். பாக்கெட் இல்லாத உடை போடுகிறவருக்கும், வேலைமுடிந்து இரவில் வண்டியோட்டி வருகிறவருக்கும் ஒரே கருவி பொருந்தாது.

இந்த நொடிக்கணக்கை வைத்துப் பார்த்தால் முதலில் விலக்க வேண்டியது கையடக்க ஸ்டன் கன். அதன் இரண்டு உலோக முனைகள் எதிராளியின் உடலில் பட்டு, சில நொடி அங்கேயே அழுந்தியிருக்க வேண்டும். தப்பிக்க நினைப்பவர் தள்ளிப்போகத்தான் வேண்டும். இந்தக் கருவியோ ஆளை நெருங்கச் சொல்கிறது. கனமான ஜீன்ஸ், ஜெர்கின் என்றால் பலன் குறையும். பட்டவன் துள்ளி விலகினால் தொடர்பு அறுந்துவிடும். அல்லது உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிடுவான். சரி, பெட்டியில் 50 லட்சம் வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்றால், அந்த எண்ணை நம்பக்கூடாது என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லும். உலர்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க ஏறக்குறைய 30,000 வோல்ட் போதும். கருவியின் முனைகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் 60,000 வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் ஏற இடமே இல்லை. உண்மையிலேயே 50 லட்சம் வோல்ட் இருந்தால் அந்தப் பொறி ஒன்றரை மீட்டருக்கு மேல் பாயவேண்டும். போலீஸார் கையாளும் டேசர் வேறு ரகம்: அது கம்பியோடு இணைந்த இரண்டு ஊசிகளைத் தூரத்திலிருந்தே பாய்ச்சி, தசைகளை இயங்கவிடாமல் செய்கிறது. ஷாக் கருவி வாங்குகிறவர்கள் பலர் மனதில் வைத்திருப்பது சினிமாவில் பார்த்த இந்த டேசரைத்தான். ஊசி பாய்ச்சும் அந்த வகையை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அதுவல்ல.

தூரத்திலிருந்தே வேலைசெய்யும், சட்டத்துக்கும் பெரும்பாலும் உட்பட்ட கருவி பெப்பர் ஸ்ப்ரே. அதன் சரக்கு மிளகாயிலிருந்து எடுக்கும் பிசின் போன்ற எண்ணெய்ச்சாறு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பு நுனிகளில் சூட்டை உணர்வதற்கென்று இருக்கும் வாயில் ஒன்றைத் திறந்துவிடுகிறது. வெந்து போகிறோம் என்றே மூளை நம்புகிறது. திசு உண்மையில் வேகவில்லை. டி.ஆர்.பி.வி.1 என்ற அந்த வாயிலை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கண்ணில் பட்டதும் இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும், இருமல் வரும், முகம் எரியும். எரிச்சல் பெரும்பாலும் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் தணியும். இதன் நிஜமான பலன் வலி அல்ல, கண் மூடிக்கொள்வதுதான். பார்க்க முடியாதவன் துரத்த முடியாது. அந்த இடைவெளிக்குள் நீங்கள் வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். நின்று அவன் படும் பாட்டைப் பார்ப்பதற்கோ மறுபடி அடிப்பதற்கோ இது கருவி அல்ல.

அப்படியானால் கைப்பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் போதாதா என்று கேட்பார்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவிக் கொள்ளையடித்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம் என்பதால் இந்த நம்பிக்கை. கொள்ளைக்காரன் இடத்தையும் நேரத்தையும் தானே தேர்ந்தெடுக்கிறான், பொடியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு வருகிறான். தாக்கப்படுகிறவர் பொட்டலத்தைப் பிரித்து அள்ளி வீசுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். பொடி ஒரு மீட்டருக்கு மேல் நேராகப் போகாது. பாதி தன் முகத்துக்கே திரும்பும்.

திரும்பி வரும் இந்தத் தொல்லை ஸ்ப்ரேயிலும் உண்டு, எந்த வகை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து. பனிபோல் பரவும் ரகம் குறி பார்க்க எளிது, ஆனால் எதிர்க்காற்றில் நம்மையே தாக்கும், மூடிய அறையில் எல்லோரையும் தாக்கும். அதை நாடே ஒருமுறை பார்த்தது. 2014 பிப்ரவரி 13-ஆம் தேதி, தெலங்கானா மசோதா வந்த நாளில், மக்களவைக்குள் உறுப்பினர் எல். ராஜகோபால் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் உறுப்பினர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் வெளியேறினார்கள், சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதையே ஆட்டோவுக்குள்ளோ லிஃப்டுக்குள்ளோ அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீர்த்தாரையாகப் பாயும் ரகமும் ஜெல் ரகமும் காற்றில் அதிகம் அலையாது. சாதாரணக் கைடப்பாவில் இரண்டு மூன்று மீட்டர் போகும். குறி கொஞ்சம் சரியாக இருக்க வேண்டும், ஜெல் கண்ணுக்குள் இறங்க ஒரு கணம் கூடுதலாகவும் ஆகலாம். ஆனாலும் கேப், லிஃப்ட், மாடிப்படி, கடற்கரைக் காற்று என்று புழங்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். வாங்கும்போது காரத்தின் அளவைப் பெரிய எண்ணில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் மூலச்சாற்றினுடையது, டப்பாவிலிருந்து வெளியே வரும் கலவையினுடையது அல்ல. கேப்சைசினாய்டு எத்தனை சதவீதம், வெளிவருவது தாரையா பனியா, காலாவதி எந்த மாதம் என்ற மூன்றும் தெளிவாக அச்சாகாத டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

உயிர்க்கொல்லி அல்ல என்பதால் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. போலீஸார் பெப்பர் ஸ்ப்ரே அடித்துப் பிடித்த பிறகு நேர்ந்த 63 மரணங்களை ஆராய்ந்த அறிக்கை ஒன்றை அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2003-இல் தொகுத்து வெளியிட்டது. 61-இல் ஸ்ப்ரே காரணமல்ல என்றும், அது பங்காற்றிய இரண்டிலும் இறந்தவர்கள் ஆஸ்துமாக்காரர்கள் என்றும் அது சொன்னது. மொத்தத்தில் நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் வீட்டில் வீசிங் தொல்லை உள்ளவர் இருந்தாலோ, கருவியை வைத்திருப்பவருக்கே மூச்சுத்திணறல் உண்டு என்றாலோ, யோசித்துத்தான் வாங்க வேண்டும். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. தவறிப்போய்த் தன்மீதே பட்டால் தேய்க்காமல், கண்ணை இமைத்து இமைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழி. பால், ஷாம்பூ, ஆன்டாசிட் எல்லாம் தண்ணீரைவிட மேலானவை அல்ல என்பதைத் தன்னார்வலர்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஸ்ப்ரே பிடிக்காதவருக்கும், அலுவலகத்திலோ கல்லூரியிலோ அனுமதி இல்லாதவருக்கும், வயதானவருக்கும், பள்ளிப் பிள்ளைக்கும் அலாரம் இருக்கிறது. முள்ளை இழுத்தால் கூவும், முள்ளைத் திருப்பிச் சொருகும்வரை நிற்காது. இதையும் எண்களோடு புரிந்துகொள்ள வேண்டும். கருவிக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளி 120 டெசிபல் என்றால், தூரம் பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் 20 டெசிபல் குறையும்: ஒரு மீட்டரில் 100, பத்து மீட்டரில் 80, நூறு மீட்டரில் 60. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் வைத்த வரம்பே 65 டெசிபல். ஹாரன் சத்தம் நிறைந்த சாலையில் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அலாரம் கேட்காது. இரவு பதினொரு மணிக்கு அமைதியான குடியிருப்புத் தெருவில் பத்துப் பதினைந்து வீட்டுக்குக் கேட்கும், ஜன்னல்கள் திறக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத புறவழிச் சாலையில் அதற்குப் பயன் குறைவு. ஆகவே எங்கே போய்வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. ஆனால் யாரையும் காயப்படுத்தாது, பிடுங்கிக்கொண்டாலும் எதிராளிக்கு உதவாது, சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சந்தேகம் வந்த உடனேயே, உறுதியாகத் தெரிவதற்கு முன்பே, இழுத்துவிடலாம் என்பது இதன் மிகப் பெரிய பலம். ஸ்ப்ரேயை அப்படிச் சந்தேகத்தின் பேரில் அடிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்குச் சட்டம்தான் பதில். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தேவைக்கு மிஞ்சிய தீங்கு விளைவிக்கக்கூடாது என்பது 37-ஆம் பிரிவு. பாலியல் வன்தாக்குதல், கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றுக்கு எதிராக இந்த உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட நீளும் என்பது 38. எனவே நிஜமான தாக்குதலுக்கு எதிராக ஸ்ப்ரே அடித்த பெண் பயப்பட வேண்டியதில்லை. வாக்குவாதத்தில் கோபப்பட்டு அடித்தால் கதை வேறு. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. இடத்தகராறு ஒன்றில் காவலாளி மீது பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் தற்காப்பு என்று வாதாடினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லாத இடத்தில் அடித்தார்கள், ஸ்ப்ரேயும் அபாயகரமான ஆயுதமாகலாம் என்று சொல்லி, வழக்கை ரத்துசெய்ய நீதிமன்றம் மறுத்தது. எடுத்துச் செல்வதற்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். 2019 டிசம்பரில், ஹைதராபாத்தில் ஒரு கால்நடை மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, ஹைதராபாத், பெங்களூரு மெட்ரோ ரயில்களில் பெண்கள் இதைக் கொண்டுபோகலாம் என்று அறிவித்தார்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் மகளுக்கு அக்கறையோடு வாங்கி அனுப்புகிற பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் இதைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகவே வைத்திருக்கிறது, கனடாவிலும் மனிதர்மேல் அடிக்கும் ஸ்ப்ரே தடைசெய்யப்பட்டதுதான். அந்த ஊர்களில் அலாரம் மட்டுமே வழி.

சட்டச் சிக்கலைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம்: பாலியல் வன்தாக்குதல் வழக்குகளில் நூற்றுக்கு 95-ஐ ஒட்டிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலைசெய்கிறவர், காதலிப்பதாகச் சொன்னவர். அவர்களுக்கு எதிராக யார் சாவிக்கொத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? யாரும் மாட்டார்கள். இந்த ஆட்சேபம் முழு உண்மை. தெருவில் வரும் முகம் தெரியாதவனுக்குத்தான் டப்பா, வீட்டுக்குள் இருப்பவனுக்கு அது விடையாகாது. விடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. சார்லின் சென் தலைமையில் நடந்து 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது அது. முதலாண்டு மாணவிகள் ஏறக்குறைய 900 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள்: தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது, சங்கடத்தை மீறி எப்படி மறுப்பது, உடலால் எப்படி எதிர்ப்பது என்று. ஓர் ஆண்டுக்குப் பிறகு வெறும் துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்ற குழுவில் 9.8 சதவீதம் பேர் வன்தாக்குதலுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. கையில் எந்தக் கருவியும் இல்லாமலே கிடைத்த பலன் இது. முதல் இரண்டு நொடியில் நடப்பது பட்டன் அழுத்துவது அல்ல, இது தவறு என்று மனம் ஒப்புக்கொள்வது. நல்ல பிள்ளையாக இரு, சத்தம் போடாதே என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அந்த ஒப்புதலுக்கே பல நொடி போய்விடுகிறது. கருவிக்குச் செலவழிக்கும் பெற்றோர் மகளிடம் இதைப் பேசவும் வேண்டும்.

தற்காத்துக்கொள்ளும் சுமையைப் பெண்கள் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம் என்ற கோபமும் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங் கும்பலால் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அவருக்கு எந்த டப்பாவாலும் உதவியிருக்க முடியுமா என்பது சந்தேகம். தெருவிளக்கும், ரோந்தும், கடைசி பஸ்ஸும், புகார் கொடுத்தால் எழுதிக்கொள்ளும் காவல் நிலையமும் கேட்டுப் பெற வேண்டியவை. ஆனால் அவை வரும்வரை இரவு ஷிப்டு முடிந்து நடக்கிறவரிடம் பொறுத்திரு என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

வாங்கியாகிவிட்டது என்றால் சில வேலைகள் பாக்கி. ஒரே இடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழக வேண்டும். பூட்டு எந்தப் பக்கம் நகரும் என்பது கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியிலோ கார் டேஷ்போர்டிலோ ஸ்ப்ரேயை விடக்கூடாது. அழுத்தம் ஏறிய டப்பாக்களுக்கு 50 டிகிரி செல்சியஸ்தான் வழக்கமான வரம்பு, சித்திரை வெயிலில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். போனையும் தயார்செய்யுங்கள்: 2017 முதல் விற்கும் போன்களில் அவசர அழைப்பு வசதி கட்டாயம், பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் போகும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை செட்டிங்கில் பார்த்துவையுங்கள். ஸ்ப்ரே அடித்துத் தப்பி வந்த பிறகு 112-க்கு முதலில் அழைப்பது நீங்களாகவே இருக்கட்டும். தகராறு என்று அவன் புகார் கொடுத்தால் அந்த அழைப்பின் நேரம் உங்களுக்குச் சாட்சி. டப்பாவின் உள்ளழுத்தம் ஆண்டுகள் போகப்போகக் கசிந்து குறையும், அதனால் காலாவதி மாதம் வந்ததும் புதிது வாங்குங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆளில்லாத திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அடித்துப் பாருங்கள். தாரை எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, விரலில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லித்தராது.